வனாந்தரத்தில் விருந்தினர்

பயணம் என்பது புறப்படும் நாளில் தொடங்குவதன்று. திட்டமிடும் நாளிலேயே தொடங்கிவிடுகிறது. எதைக் காண வேண்டும், எத்தனை நாள் தங்க வேண்டும், எவ்வளவு செலவிடலாம் என்று தாளில் குறிக்கும்போதே நம் ஆசைகளின் வரிசையும் அத்தாளில் பதிந்துவிடுகிறது. ஆதலால் திட்டமிடுதலை வெறும் கணக்கு வேலை என்று தள்ளிவிட இயலாது. அதில் அறநெறியும் கலந்திருக்கிறது.

அமெரிக்காவின் வடமேற்கில், சியாட்டில் நகரில், நம்மவர் பிள்ளைகள் பலர் கணினித் துறையில் பணிபுரிகின்றனர். கோடையில் ஊரிலிருந்து பெற்றோரை வரவழைக்கும் அவர்கள், அலாஸ்காவுக்குக் கப்பலில் அழைத்துச் செல்வதும் உண்டு. எங்கள் பங்கைச் சேர்ந்த ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவர், மகன் அனுப்பிய பயணத் திட்டத்தை என்னிடம் காட்டி, "சாமி, பனிக்கட்டியைப் பார்க்க இவ்வளவு பணம் செலவிடுவது தகுமா?" என்று கேட்டார். அவர் வினாவுக்கு விடை எளிது. பிள்ளை மனமுவந்து அளிப்பதைப் பெற்றோர் ஏற்பதில் குற்றமில்லை. ஏழைக்குரிய பங்கை அவன் எடுத்து வைத்தானா என்பது அவன் மனச்சான்றுக்குரியது. ஆனால் அத்திட்டத்தைப் படித்தபோது வேறொரு வினா எழுந்தது. அந்த வனாந்தரத்தில் எந்த அலுவலும் இல்லாத நாம், எந்த உரிமையில் அங்கே போகிறோம்?

திட்டம் இதுதான். கனடா நாட்டின் வான்கூவர் துறைமுகத்தில் கப்பலேறி, தீவுகளுக்கு இடைப்பட்ட உட்கடல் வழியே கெச்சிக்கான், ஜூனோ, ஸ்காக்வே ஆகிய ஊர்களில் இறங்கி ஏறி, பனியாறுகளைக் கண்டு, ஏழாம் நாள் விட்டியரிலோ சீவர்டிலோ கரை சேர்வது. பின்னர் 1923இல் முற்றுப்பெற்ற அலாஸ்கா இருப்புப்பாதையில் வடக்கே தெனாலி வனத்துக்கும், அங்கிருந்து ஃபேர்பேங்க்ஸ் நகருக்கும் செல்வது. மே முதல் செப்டம்பர் வரையே இதற்குக் காலம். கடற்பகுதிக்கு ஏழு நாள் ஒதுக்கியவர்கள் தெனாலிக்கு ஓர் இரவு மட்டும் ஒதுக்கியிருந்தனர். இதற்குப் பின்னர் வருவேன்.

அமெரிக்கரின் 1964ஆம் ஆண்டு வனாந்தரச் சட்டம் ஒரு வியப்பான செய்தியைக் கொண்டுள்ளது. வனாந்தரம் என்பது மனிதன் வந்து போகும் இடம், அவன் தங்கிவிடும் இடம் அன்று என்று அது வரையறுக்கிறது. சட்டப் புத்தகத்தில் மனிதனுக்கு விருந்தினன் என்னும் நிலையைக் கொடுத்திருப்பது எளிய செயலன்று. 1980 டிசம்பரில் அதிபர் கார்ட்டர் கையொப்பமிட்ட சட்டத்தால் அலாஸ்காவில் 10 கோடி ஏக்கருக்கும் மேற்பட்ட நிலம் பாதுகாப்புக்குள் வந்தது. விருந்தினன் என்றால் உரிமை பேச முடியாது. வீட்டார் இட்ட இடத்தில் அமர வேண்டும். இது நமக்குச் சொல்லித் தெரிய வேண்டியதன்று. ஆனால், வீட்டார் யார்?

பனியாற்று விரிகுடா எனப்படும் கிளேசியர் பே இவ்வினாவுக்குத் தக்க இடம். கப்பலில் செல்வோர் பெரிதும் விரும்புவது அதையே. அங்கே ஒரு காலத்தில் ஹூனா டிலிங்கிட் மக்களின் குடியிருப்புகள் இருந்தன. 18ஆம் நூற்றாண்டில் பனியாறு முன்னேறி வந்து அவற்றை விழுங்க, மக்கள் நீரிணையைக் கடந்து இன்றைய ஹூனா ஊருக்குப் பெயர்ந்தனர். 1794இல் வான்கூவர் மாலுமியின் குழுவினர் அங்கே கண்டது விரிகுடாவின் முகப்பை அடைத்து நின்ற பனிச்சுவரை மட்டுமே. 1879இல் ஜான் மியூர் டிலிங்கிட் துடுப்பாளர்களுடன் ஓடத்தில் வந்தபோது பனி 40 மைலுக்கும் மேல் உள்வாங்கியிருந்தது. அடுத்த சில ஆண்டுகளிலேயே, 1883இல், சுற்றுலா நீராவிக் கப்பல் உள்ளே நுழைந்துவிட்டது!

1925இல் அவ்விடம் தேசிய நினைவிடமாகவும் 1980இல் தேசிய வனமாகவும் அறிவிக்கப்பட்டது. பனி துரத்தியபோது வெளியேறிய மக்கள் பனி விலகியதும் மீன்பிடிக்கவும் கனி பறிக்கவும் திரும்பி வந்திருந்தனர். அவர்களுக்கோ தாய்வீட்டிலேயே கட்டுப்பாடுகள். பாட்டன் காலம் முதல் பேரப்பிள்ளைகளுடன் சென்று திரட்டிய கடற்காக்கை முட்டைகளைத் தொடவும் தடை வந்தது. அதை மீண்டும் அனுமதிக்க 2014இல் தனிச் சட்டம் தேவைப்பட்டது. 2016இல் விரிகுடாக் கரையில் அவர்களின் குலமரபு இல்லம் ஒன்று வனத்துறையின் துணையுடன் எழுப்பப்பட்டது. மனிதனே இல்லாத தூய வெளி என்று நாம் எண்ணிப் போகும் இடம், வேறொருவர் தம் முன்னோரை நினைத்து அழுத இடமாக இருக்கிறது. ஆளில்லா நிலம் என்னும் கற்பனை பெரும்பாலும் அங்கிருந்த ஆளைக் காணாத கண்ணின் பிழையே.

அப்படியானால் போகாதிருப்பதே நன்று எனலாமா? இங்கே அவசரப்பட்டுத் தீர்ப்பிடலாகாது. ஆயிரம் பேருக்கும் குறைவான ஹூனா ஊரார், பழைய மீன்பதனிடும் ஆலையைச் சீர்ப்படுத்தி, 2004 முதல் தாமே கப்பல்களை வரவேற்கின்றனர். அதில் அவர்களுக்கு ஊதியமும் உண்டு, தம் கதையைத் தம் வாயால் சொல்லும் மதிப்பும் உண்டு. மறுபுறம் ஜூனோவைப் பாருங்கள். வெளியூர்ச் சாலைத் தொடர்பே இல்லாத அந்த மாநிலத் தலைநகரில் 2020 கணக்கெடுப்பின்படி 32,255 பேர். 2023இல் அங்கு வந்திறங்கிய கப்பல் பயணியரோ 16 லட்சத்துக்கும் மேல். நாளொன்றுக்குப் பெரிய கப்பல்கள் ஐந்துக்கு மேல் வேண்டா என்னும் உடன்பாடு 2024இல் நடைமுறைக்கு வந்தது. சனிக்கிழமைகளில் பெரிய கப்பல்களே கூடாது என்ற முன்மொழிவை அதே ஆண்டு அக்டோபரில் நகர மக்களே வாக்களித்துத் தள்ளினர். விருந்து சுமையாகிறது, ஆயினும் விருந்தின்றி அடுப்பெரியாது. இந்நெருக்கடியில் இருப்பவர்க்குத் தொலைவிலிருந்து நாம் அறிவுரை கூறுவது நாகரிகமன்று.

புனித அகுஸ்தினார் பொருள்களைப் பயன்படுத்துதலையும் துய்த்தலையும் வேறுபடுத்திக் காட்டினார். குருமடத்தில் இதைத் தேர்வுக்காக மனனம் செய்தோம். பொருள் விளங்க ஆண்டுகள் பல ஆயின. வேறொன்றின் பொருட்டுக் கையாள்வது பயன்படுத்தல். அதன் பொருட்டே அதில் அன்புகொண்டு நிலைப்பது துய்த்தல். அவர் துய்த்தலை இறைவனுக்கே உரியதாக்கினார் என்பது உண்மைதான். எனினும், ஒரு பனியாற்றைப் புகைப்படத்துக்குப் பின்திரையாக்கிவிட்டு உணவுக்கூடத்துக்கு விரைபவரை நினைக்கும்போது, படைப்பைப் படைத்தவர் பொருட்டு நின்று காண்பதற்கும் இவ்வகைப் பயன்படுத்தலுக்கும் இடையே உள்ள தொலைவை அவரே ஒப்புக்கொள்வார் என்று துணிகிறேன்.

"உருகிப் போகுமுன் பார்த்துவிட வேண்டும்" என்று கூறிப் புறப்படுவோர் இந்நாளில் மிகுதி. பனியாற்று விரிகுடாவின் பெரும் பின்வாங்கல் ஆலைப்புகை பெருகுமுன்னரே தொடங்கியது என்பதை நேர்மையோடு சொல்ல வேண்டும். ஜான்ஸ் ஹாப்கின்ஸ் பனியாறு கடந்த நூற்றாண்டின் பெரும்பகுதியில் முன்னேறியே வந்தது. ஆயினும் அலாஸ்காவின் பனியாறுகளில் பெரும்பாலானவை மெலிந்து வருகின்றன. நம்மை அங்கே கொண்டுசெல்லும் வானூர்தியும் கப்பலும் எரிக்கும் எண்ணெய்க்கும் அதில் பங்குண்டு. நோயில் பூசுதல் வழங்கச் செல்லும் வீடுகளில் இருவகை மனிதரைக் காண்கிறேன். கடைசியாக ஒருமுறை முகம் பார்த்துவிட்டோம் என்று சொல்லிக்கொள்ள வருவோர் ஒருவகை. பாயருகே அமர்ந்து, வாயில் இரண்டு சொட்டு நீர் விட்டு, இரவு முழுதும் இருப்போர் மறுவகை. வந்த வழியும் செலவும் இருவர்க்கும் ஒன்றுதான்.

இனி அந்த ஓர் இரவுக்கு வருவோம். 6,190 மீட்டர் உயரமுள்ள தெனாலி வட அமெரிக்காவிலேயே உயர்ந்தது. (அதன் பெயரைப் பற்றி அரசினர்க்குள் ஓயாத வழக்கு: 2015இல் தெனாலி, 2025இல் மீண்டும் மெக்கின்லி. அங்குள்ள தொல்குடியினர்க்கு என்றும் தெனாலிதான்.) தன் மேகங்களைத் தானே உண்டாக்கிக்கொள்ளும் அம்மலையைக் கோடைப் பயணியருள் ஏறத்தாழ மூவரில் ஒருவரே காண்கின்றனர். வனத்துக்குள் செல்லும் 92 மைல் பாதையில் கோடைக்காலத்தில் முதல் 15 மைலுக்கு அப்பால் சொந்த வண்டிகளுக்கு அனுமதியில்லை. பேருந்தில்தான் போக வேண்டும். அப்பாதையும் 2021 ஆகஸ்டில், உறைநிலம் இளகி மலைச்சரிவு நகர்ந்ததால், 43ஆம் மைலுக்கு அப்பால் மூடப்பட்டு, அங்கே பாலம் கட்டும் பணி தொடங்கிற்று. பயண நிறுவனம் அறையை விற்கலாம், இருக்கையை விற்கலாம், சாளரத்தை விற்கலாம். மலை விற்பனைக்கில்லை.

நிறுவனங்கள் அச்சடிக்கும் திட்டங்களில் எனக்குள்ள குறை இதுவே: எது நம் கையில் இல்லையோ அதற்கே மிகக் குறைந்த நேரத்தை ஒதுக்குகின்றன. துறைமுகக் கடைத்தெருக்களுக்கு நாள்கள் உண்டு. மேகம் விலகக் காத்திருக்க நாளில்லை. கப்பலில் இரண்டு நாளைக் குறைத்தாலும் தவறில்லை, தெனாலியருகே மூன்று இரவாவது தங்கட்டும் என்பது என் கருத்து. காலையில் பேருந்தில் ஏறி, கரடி ஒன்று பழப்புதரில் மேய்வதையோ காட்டுமான் நதியைக் கடப்பதையோ கண்டு, மாலையில் திரும்பலாம். மறுநாளும் அதே பாதையில் போகலாம். மூன்று நாளும் மலை தன்னைக் காட்டாமலே இருந்துவிடலாம். அப்போது பேருந்தில் இருப்போர் சாளரக் கண்ணாடியைத் துடைத்துவிட்டு, மேகம் இருக்கும் பக்கத்தையே பார்த்தபடி திரும்பி வருவார்கள்.