வேலையும் ஒத்தாசையும்

ஆங்கிலத்தில் ‘வொர்க்’ என்ற ஒரு சொல் தமிழில் வேலை, தொழில், பணி, உழைப்பு என்று பலவாகப் பிரிகிறது. ஆரணித் தறி வீடுகளில் அவை ஆண், பெண் பார்த்துப் பங்கிடப்படுவதைக் கண்டு வளர்ந்தவள் நான். பட்டு நெய்கிறவர் செய்வது ‘தொழில்’. ஊடைக்குத் தார் சுற்றித் தரும் மனைவியைக் கேட்டால், “வீட்டுல சும்மாதான் இருக்கேன், அவருக்கு ஒத்தாசை” என்பார்.

குடும்பத் தொழிலில் கூலியின்றி உழைப்பதும் வேலைதான் என்கிறது மக்கள்தொகைக் கணக்கெடுப்பின் வரையறை. சமையலையும் பிள்ளை வளர்ப்பையும் அதுவும் சேர்ப்பதில்லை. ‘சும்மா’ என்ற பதிலோ தார் சுற்றுவதையும் கணக்கிலிருந்து எடுத்துவிடுகிறது.

தார் இல்லாமல் நாடா ஓடாது. சேலைக்கான கூலி மட்டும் ஒருவர் கைக்கே வருகிறது.

ஒத்தாசையை மறுக்கலாம். “இன்றைக்குத் தார் சுற்றமாட்டேன்” என்று அவரால் சொல்ல முடியுமா? முடியாதென்றால் அது வேலை. அப்படியே சொல்வோம், கூலியில் பங்கையும் கேட்போம்.