வாடகைதாரரின் சம்மதம்

பிரிட்டனில் வருமானம் குறைந்தவர்களின் வீட்டு வாடகையில் ஒரு பகுதியையோ முழுவதையுமோ அரசு ஏற்றுக்கொள்ளும் திட்டத்துக்கு ஹவுசிங் பெனிஃபிட் என்று பெயர். 1982-ஆம் ஆண்டுச் சட்டத்தால் வந்த திட்டம் இது. விண்ணப்பத்தைப் பரிசீலித்துப் பட்டுவாடா செய்வது உள்ளூர் கவுன்சில். விண்ணப்பிப்பவர் வாடகைதாரர் என்றாலும், பணம் கடைசியில் போய்ச் சேருவது வீட்டுக்காரரிடம். வாடகை வரவில்லையே என்று வீட்டுக்காரர் கவுன்சிலைத் தொலைபேசியில் அழைத்தால், அப்படியொரு விண்ணப்பம் இருக்கிறதா என்பதைக்கூட அங்கே சொல்லமாட்டார்கள். வாடகைதாரர் கையெழுத்திட்ட சம்மதக் கடிதம் கோப்பில் இருந்தால்தான் பேச்சே தொடங்கும். அதனால் வாடகை ஒப்பந்தம் போடும் நாளிலேயே சம்மதப் படிவம் ஒன்றையும் நீட்டிக் கையெழுத்து வாங்கிவைப்பது பல வீட்டுக்காரர்களின் வழக்கம்.

ஒரு பக்கம்கூட நிரம்பாத அந்தப் படிவத்தில் இரண்டு பழைய கேள்விகள் அடங்கியிருக்கின்றன. வேறு போக்கிடம் இல்லாதவர் தரும் சம்மதம் சம்மதம் ஆகுமா? ஒருவருடைய இல்லாமை யாருக்கெல்லாம் தெரியலாம்? முதல் கேள்வியை மெய்யியலாளர்களும் இரண்டாவதைச் சமய நூல்களும் நெடுநாளாகக் கேட்டு வந்திருக்கிறார்கள்.

கோப்பில் என்ன இருக்கிறது என்று பார்த்தால் கேள்வியின் கனம் புரியும். வருமானம், சேமிப்பு, வீட்டில் யார் யார் குடியிருக்கிறார்கள், துணையோடு சேர்ந்து வாழ்கிறாரா பிரிந்து வாழ்கிறாரா, உடற்குறைபாட்டுக்காக வேறு உதவி வருகிறதா, வெளிநாட்டவராயின் குடியேற்ற நிலை என்ன என்பதெல்லாம் அதில் இருக்கும். சேமிப்பு 16,000 பவுண்டைத் தாண்டினால் பொதுவாக உதவி கிடையாது என்பதால் வங்கிக் கணக்கையும் காட்டியாக வேண்டும். வளர்ந்த மகன் வேலைக்குப் போனால் அதற்கேற்ப உதவித்தொகை குறையும். எனவே அவன் சம்பளமும் பதிவாகும். இத்தனையிலும் வீட்டுக்காரருக்கு வேண்டியது இரண்டே செய்திகள்: பணம் எப்போது வரும், எவ்வளவு வரும். படிவத்திலோ பெரும்பாலும் ‘என் விண்ணப்பம் குறித்து’ என்று பொத்தாம்பொதுவாக எழுதியிருக்கும்.

கவுன்சிலின் மௌனத்துக்குச் சட்டக் காரணம் உண்டு. சமூகப் பாதுகாப்பு நிர்வாகம் பற்றிய 1992-ஆம் ஆண்டுச் சட்டத்தின் 123-ஆம் பிரிவு, இத்தகைய தகவலை உரிய அதிகாரமின்றி வெளியிடும் ஊழியரைக் குற்றவாளி ஆக்குகிறது. 2018 முதல் நடப்பில் உள்ள தரவுப் பாதுகாப்பு விதிகள் சம்மதத்துக்குக் கடுமையான இலக்கணம் வகுத்திருக்கின்றன: அது தானாக விரும்பித் தந்ததாக, குறிப்பிட்ட ஒரு காரியத்துக்கானதாக, விவரம் அறிந்து தந்ததாக, ஐயத்துக்கு இடமில்லாததாக இருக்க வேண்டும், எப்போது வேண்டுமானாலும் திரும்பப் பெறக்கூடியதாகவும் இருக்க வேண்டும். மறுத்தால் பாதிப்பு வரும் என்ற நிலையில் பெற்றது விரும்பித் தந்ததாகாது என்றும் அவ்விதிகளின் முன்னுரை விளக்குகிறது. சாவியைக் கையில் வைத்துக்கொண்டு நிற்பவர் முன்னால் போட்ட கையெழுத்து இந்த இலக்கணத்துக்குள் எளிதில் அடங்குவதில்லை.

டேவிட் ஹியூம் 1748-இல் வெளியிட்ட ‘மூல ஒப்பந்தம்’ பற்றிய கட்டுரை இங்கே நேராகப் பொருந்துகிறது. ஒரு நாட்டில் தொடர்ந்து வாழ்வதே அதன் ஆட்சிக்கு மறைமுகமாகச் சம்மதிப்பதுதான் என்று ஜான் லாக் வாதிட்டிருந்தார். ஹியூம் அதை மறுத்தார். அயல்மொழி அறியாத, அன்றன்றைய கூலியில் பிழைக்கும் ஏழை உழவனுக்கு நாட்டைவிட்டுப் போகும் சுதந்திரம் இருக்கிறது என்று சொல்வதில் பொருளில்லை என்றார். உறக்கத்தில் கப்பலேற்றப்பட்டவன் கடலில் குதிக்காமல் இருப்பதால் மாலுமித் தலைவனின் அதிகாரத்தை ஏற்றுக்கொண்டான் என்பது போன்ற வாதம் அது என்றும் கேலி செய்தார். ஹியூம் பேசியது அரசுக்கும் குடிமகனுக்கும் உள்ள உறவைப் பற்றி. ஆயினும் அவருடைய உழவனை வாடகை வீடு தேடி அலைபவராக நினைத்துப் பார்ப்பது கடினமில்லை.

ஆனால் நெருக்கடியில் தரும் சம்மதம் எல்லாமே பொய் என்று முடிவுகட்டினால், ஏழைகளால் எந்த ஒப்பந்தமும் செய்ய முடியாது என்றாகிவிடும். அது அவர்களைச் சிறுபிள்ளைகளாக நடத்துவது. மெய்யியலாளர் ராபர்ட் நோசிக் 1969-இல் எழுதிய ‘வற்புறுத்தல்’ என்ற கட்டுரை இங்கே ஒரு வழி காட்டுகிறது. சொல்லப்படும் நிபந்தனை ஒருவரை இயல்பாக இருந்திருக்கக்கூடிய நிலையைவிட மேலே கொண்டுபோனால் அது சலுகை; கீழே தள்ளினால் மிரட்டல். அப்படியானால் இயல்பான நிலை எது என்பதுதான் வழக்கு.

அந்த இயல்பு நிலை இங்கிலாந்தில் அண்மையில் மாறியிருக்கிறது. ‘டி.எஸ்.எஸ். வேண்டாம்’ என்று வீட்டு விளம்பரங்களில் வெளிப்படையாகவே போட்டுவந்தார்கள். அரசு உதவி பெறுபவர்கள் வர வேண்டாம் என்பது அதன் பொருள். அந்த எழுத்துகள் குறிக்கும் சமூகப் பாதுகாப்புத் துறை 2001-இலேயே மறைந்துவிட்டது, விளம்பர வாசகம் மறையவில்லை. உதவி பெறுகிறார் என்பதற்காகவே ஒருவரை மொத்தமாக ஒதுக்குவது பெண்களையும் உடற்குறைபாடு உள்ளவர்களையும் மறைமுகமாகப் பாகுபடுத்துவதாகும் என்று யார்க் நகர மாவட்ட நீதிமன்றம் 2020-இல் தீர்ப்பளித்தது. 2025-இல் நிறைவேறிய வாடகைதாரர் உரிமைச் சட்டம் இத்தகைய ஒதுக்கலை நேரடியாகவே தடை செய்கிறது. காரணம் சொல்லாமல் இரண்டு மாத அறிவிப்பில் வெளியேற்ற இடம் தந்த பழைய வீட்டுவசதிச் சட்டத்தின் 21-ஆம் பிரிவையும் நீக்குகிறது. உதவி பெறுபவரை ஏற்காமல் விடும் உரிமை வீட்டுக்காரருக்கு இருந்தவரை, ‘கையெழுத்துப் போட்டால் வீடு’ என்பது சலுகையாகத் தோன்றியது. அந்த உரிமை போன பிறகு அதே வாக்கியம் மிரட்டல் பக்கம் சாய்கிறது.

கேட்கும் நேரமும் முக்கியம். குடிவந்து சில மாதங்களில் உதவித்தொகை தடைப்பட்டு, ‘நான் கவுன்சிலிடம் பேசிப் பார்க்கட்டுமா?’ என்று வீட்டுக்காரர் கேட்கும்போது வாடகைதாரர் தரும் இசைவில் அவருடைய சொந்த நலனும் இருக்கிறது. வேலை நேரத்தில் அலுவலகத்துக்கு அலைய முடியாதவருக்கும் ஆங்கிலம் சரளமாக வராதவருக்கும் அது பெரிய உதவி. முதல் நாள் வாங்கி வைத்த கையெழுத்துக்கு இந்தத் தகுதி கிடையாது.

வீட்டுக்காரரின் நியாயத்தையும் ஒதுக்கிவிட முடியாது. ஒரே ஒரு வீட்டை வாடகைக்கு விட்டு அதன் கடன் தவணையைக் கட்டுபவர்கள் உண்டு. வீட்டுக்காரர் கைக்கு நேரடியாக வந்த உதவித்தொகை பின்னால் அதிகப்படியானது என்று தெரிந்தால், கவுன்சில் அதை அவரிடமிருந்தே திருப்பிக் கேட்கவும் கூடும். எட்டு வார வாடகை பாக்கியானால், விதிவிலக்கான சூழல் இல்லாதவரை, பணத்தை நேரடியாக வீட்டுக்காரருக்கே அனுப்ப வேண்டும் என்று 2006-ஆம் ஆண்டு விதிகள் சொல்கின்றன. இதற்கு வாடகைதாரரின் சம்மதம் தேவையில்லை.

பணத்தைச் சம்மதமின்றி மாற்றிக் கொடுக்கலாம், ஆனால் ஒரு வார்த்தை சொல்லச் சம்மதம் வேண்டும் என்பது முதலில் முரணாகத் தெரியும். உண்மையில் இது சரியான வரிசைதான். வாடகைக்கென்று ஒதுக்கிய பணம் வாடகையாகப் போய்ச் சேர்ந்தால் கணக்கு முடிந்துவிடும். தகவல் அப்படி முடிவதில்லை. மகனின் சம்பளம் தெரிந்த வீட்டுக்காரர் அடுத்த ஆண்டு வாடகையை உயர்த்தலாம்; பிரிந்துபோன கணவரைப் பற்றித் தெரிந்தவர் அதை அக்கம்பக்கத்தில் பேசலாம். ஒரு சூழலில் நம்பிச் சொன்னது வேறு சூழலுக்கு இடம்பெயர்வதே அந்தரங்க மீறல் என்று தகவல் அறவியலாளர் ஹெலன் நிசன்பாம் தம் 2010-ஆம் ஆண்டு நூலில் வாதிடுவது இதைத்தான்.

இரண்டாவது கேள்விக்கு மிக நுட்பமான விடை விவிலியத்தின் உபாகம நூலின் 24-ஆம் அதிகாரத்தில் இருக்கிறது. கடன் கொடுத்தவன் அடகுப் பொருளை வாங்கக் கடனாளியின் வீட்டுக்குள் நுழையக் கூடாது. வெளியே நிற்க வேண்டும். கடனாளியே பொருளை எடுத்துவந்து தர வேண்டும். கடன் செல்லும், அடகும் செல்லும். ஆனால் கொடுத்தவனுடைய உரிமை வாசற்படியோடு நின்றுவிடுகிறது. எதை எடுத்து வெளியே கொண்டுவருவது என்ற முடிவு உள்ளே இருப்பவனுடையது. எருசலேம் ஆலயத்தில் இருந்த ரகசிய அறையைப் பற்றி யூதர்களின் மிஷ்னா குறிப்பிடுகிறது: இறையச்சம் உள்ளவர்கள் அங்கே மறைவாகப் போட்டதிலிருந்து நல்ல குடியில் பிறந்து நொடித்தவர்கள் மறைவாக உதவி பெற்றார்கள். 12-ஆம் நூற்றாண்டின் யூத அறிஞர் மைமோனிடிஸ் ஈகையை எட்டுப் படிகளாக வகுத்தபோது, கொடுப்பவரும் பெறுபவரும் ஒருவரையொருவர் அறியாத ஈகையை இரண்டாவது உயர்ந்த படியில் வைத்தார். மத்தேயு நற்செய்தியும் மறைவான ஈகையைப் போற்றுகிறது. ஆனால் அங்கே கவலை கொடுப்பவரின் தற்பெருமை பற்றியது; பெறுபவரின் முகம் வாடுவதைப் பற்றி யூத மரபுதான் கூடுதலாக யோசித்திருக்கிறது.

இங்கிலாந்தின் பழைய ஏழையர் சட்டம் இதற்கு நேர் எதிரான பாதையில் போனது. உதவி பெறுபவர்கள் ‘பி’ என்ற எழுத்தைத் தம் சட்டைக் கையில் தைத்துக்கொள்ள வேண்டும் என்று 1697-ஆம் ஆண்டுச் சட்டம் கட்டளையிட்டது. 1931-இல் வேலையற்றோருக்கு வந்த வருமானச் சோதனையில் அதிகாரிகள் வீடுவீடாகப் போய்க் குடும்பத்தில் ஒவ்வொருவரும் என்ன சம்பாதிக்கிறார்கள் என்று துருவினார்கள். அந்தக் கசப்பை நன்கு அறிந்திருந்த வில்லியம் பெவரிட்ஜ் சமூகக் காப்பீடு பற்றிய தம் 1942-ஆம் ஆண்டு அறிக்கையில் சோதனையில்லாத காப்பீட்டையே முன்வைத்தார். ஊருக்கு ஊர் வேறுபட்ட வாடகையை என்ன செய்வது என்பது மட்டும் அவருக்குக் கடைசிவரை பிடிபடவில்லை. வருமானத்தைச் சோதித்துத் தரும் வாடகை உதவி அந்த இடைவெளியில் வளர்ந்ததுதான்.

ஓனோரா ஓ’நீலும் நீல் மேன்சனும் 2007-இல் எழுதிய மருத்துவ அறவியல் நூலின் கருத்து இந்தப் படிவத்துக்கும் உதவும். அவர்கள் பார்வையில், சம்மதம் என்பது வழக்கமாக ஒருவரைக் காக்கும் ஒரு தடையை, ஒரு காரியத்துக்காக, ஒரு நபருக்காக விலக்கிவைப்பது. தடை அதோடு ஒழிந்துபோவதில்லை. 2013 முதல் ஹவுசிங் பெனிஃபிட்டின் இடத்தைப் படிப்படியாகப் பிடித்துவரும் யுனிவர்சல் கிரெடிட் இதற்கு நெருக்கமாக நடக்கிறது. எந்தத் தகவலை, யாரிடம், எதற்காகச் சொல்லலாம் என்று உதவி பெறுபவர் வழக்கமாகத் தம் இணையக் கணக்கில் குறிப்பிட வேண்டும். கேட்ட காரியம் முடிந்தாலோ அடுத்த கணக்கீட்டு மாதம் முடிந்தாலோ அனுமதி காலாவதியாகும். ஒவ்வொரு முறையும் புதிதாகக் கேட்க வேண்டியிருப்பது தொல்லை என்று வீட்டுக்காரர்கள் குறைப்படுவதில் உண்மை இருக்கிறது; அந்தத் தொல்லைதான் வாடகைதாரருக்கு உள்ள பாதுகாப்பு. ஓய்வூதிய வயதினருக்கும் சிலவகைத் தங்குமிடங்களில் இருப்போருக்கும் தொடரும் ஹவுசிங் பெனிஃபிட்டில் பழைய படிவ வழக்கம் நீடிக்கிறது.

கொடுத்த சம்மதத்தை வாடகைதாரர் கவுன்சிலுக்கு எழுதித் திரும்பப் பெறலாம். அதற்கு வீட்டுக்காரரின் ஒப்புதல் தேவையில்லை. வாடகைதாரர் சம்மதம் தர அடியோடு மறுத்துவிட்டாலும் வீட்டுக்காரர் கையைக் கட்டிக்கொண்டு இருக்க வேண்டியதில்லை. பாக்கிக் கணக்கை இணைத்து, பணத்தை நேரடியாகத் தருமாறு கவுன்சிலுக்கு அவர் விண்ணப்பிக்கலாம். கவுன்சில் அதைப் பதிவுசெய்து பரிசீலிக்கும். பணம் இனி அவருக்கு வருமா வராதா என்ற முடிவு அவருக்குத் தெரிவிக்கப்படும். அந்த முடிவை எதிர்த்து அவர் முறையீடும் செய்யலாம். வாடகைதாரரின் கோப்பில் உள்ள மற்ற விவரங்கள் அவருக்குச் சொல்லப்படுவதில்லை.