சொல்லாமல் நின்ற நாட்கள்

சொல்லாமல் கொள்ளாமல் பத்து நாள் வேலைக்குப் போகாமல் நின்றுவிட்டவன், வேலையை விட்டுவிட்டவன் ஆவானா? கோவில்பட்டிக்கும் தூத்துக்குடிக்கும் பிள்ளைகளை வேலைக்கு அனுப்பும் நம் கரிசல் குடும்பங்களுக்கு இது வெறும் தர்க்கமன்று; ஜீவனத்தைப் பற்றிய கேள்வி.

சென்னைப் பெரம்பூரில் முன்னாளில் இயங்கிய பக்கிங்ஹாம் கர்நாடிக் ஆலையில் ஒரு நிலையாணை இருந்தது. விடுப்பின்றித் தொடர்ந்து எட்டு வேலை நாள் வராதவர் தாமே விலகிக்கொண்டவராகக் கருதப்படுவார். நிர்வாகத்துக்குத் திருப்தியான சமாதானம் சொன்னால் மட்டும் அந்நாட்கள் சம்பளமில்லா விடுப்பாகும். 1957 ஜனவரியில் அவ்வாலைத் தொழிலாளி ஒருவர் மூன்று நாள் விடுப்பில் ஊருக்குப் போனார். திரும்பி வந்ததோ மார்ச் மாதத்தில். கையில் மருத்துவச் சான்றிதழ் இருந்தது. ஆனால் இடையில் ஒரு கடிதமும் போடவில்லை. ஆலை அவரைச் சேர்க்கவில்லை. ஈ.எஸ்.ஐ. கழகம் அவர் நோயுற்றதை ஏற்று உதவிப்பணம் கொடுத்தது. ஆயினும் 1963-இல் உச்ச நீதிமன்றம் ஆலையின் பக்கமே தீர்ப்பளித்தது. நிலையாணைப்படி வேலை தானாகவே முடிந்துபோயிற்று என்பது அதன் சாரம்.

சட்டப்படி அது சரியாகவே இருக்கட்டும். நியாயப்படி? விட்டுவிடுவது என்பது மனத்தின் செயல். பாயில் கிடப்பவன் எதையும் விடுவதில்லை. எட்டாம் நாள் சாயங்காலம் அவன் மனம் மாறிவிட்டதென்று வருகைப் பதிவேடு எப்படி அறியும்? ஆள் அனுப்பி, "ஏனப்பா வரவில்லை?" என்று கேட்டால்தானே தெரியும்!

முப்பது ஆண்டு கழித்து அந்தக் கேள்விக்கு இடம் கிடைத்தது. 1993-இல், வேறொரு கம்பெனியில் எட்டு நாளுக்குமேல் வரவில்லையென்று பெயர் நீக்கப்பட்ட தொழிலாளி ஒருவர், "வாசலிலேயே என்னைத் தடுத்துவிட்டார்கள்" என்று வழக்காடினார். ஒருவனுடைய பிழைப்பைப் பறிக்குமுன் அவன் சொல்வதைக் கேட்டாக வேண்டும் என்று தீர்த்து, பாதிச் சம்பள பாக்கியோடு அவரைத் திரும்பச் சேர்க்கச் சொன்னது உச்ச நீதிமன்றம். வராமலிருந்ததெல்லாம் வேண்டுமென்றே வராமலிருந்ததாகாது. நோய், விபத்து போன்ற காரணமும் இருக்கலாம் என்று 2012-இல் இன்னொரு தீர்ப்பும் வந்தது.

நிற்க. இதைக் கேட்டுச் சிலருக்குத் தைரியம் வந்துவிடக்கூடும். ஐப்பசியில் மழை விழுந்ததும் விதைப்புக்கு ஓடிவருகிறவர் உண்டு. மானாவாரி நிலத்தின் ஈரம் யாருடைய விடுப்புச் சீட்டுக்கும் காத்திராது. அவர் வந்ததில் எனக்கு மனத்தாங்கல் இல்லை. ஆனால் ஆலையில் அவர் பார்க்கும் வேலை யார் தலையில் விழுகிறது? மேலாளர் தலையிலா? பக்கத்தில் நிற்கும் மற்றொரு ஏழையின் தலையில்தான். அவனுக்காவது ஒரு வார்த்தை சொல்லிவிட்டு வரலாமே! கைபேசி இல்லாத வீடு இன்று எத்தனை?

சொல்ல முடியாதவர்களும் இருக்கிறார்கள். குடியில் விழுந்தவன், மனம் பேதலித்தவன், சொல்லாமல் வீட்டைவிட்டுப் போனவன். இவர்களுக்காக வீட்டார்தான் பேச வேண்டும். மானம் போகுமென்று மனைவியும் தாயும் வாய் திறவாதிருக்க, நிர்வாகத்தின் தபால் வருகிறது. பயத்தில் அதை வாங்காமல் திருப்பி அனுப்புகிறார்கள். திருப்பினாலும் அது வந்து சேர்ந்ததாகவே சாதாரணமாகக் கொள்ளப்படும். விசாரணையும் அவனில்லாமலே நடந்து முடியும். தபாலை வாங்கிப் படியுங்கள். படிக்கத் தெரியாவிட்டால் தெரிந்தவரிடம் கொடுங்கள். "இன்ன காரணத்தால் வர இயலவில்லை, அவகாசம் வேண்டும்" என்று இரண்டு வரி எழுதி, மருத்துவச் சான்றிதழ் இருந்தால் நகலும் சேர்த்து, ஸ்பீட் போஸ்டில் பதில் போட்டு, ரசீதைப் பத்திரப்படுத்துங்கள்.