தடுப்பில் ஒரு திறப்பு

சென்னை–பெங்களூரு தேசிய நெடுஞ்சாலையில், வாலாஜாபேட்டைக்கும் கிருஷ்ணகிரிக்கும் இடையே பகலில் போகிறவர்களுக்குப் பழகிப்போன காட்சி இது. பால் கேன் கட்டிய மொபெட் ஒன்று சாலையின் இடது ஓரமாக எதிர்த்திசையில் வரும். பின்னால் பள்ளிச் சீருடையில் ஒரு பிள்ளை. ஓட்டுபவருக்கு விதி தெரியாமல் இல்லை. அவர் ஊருக்கு நேரே சென்டர் மீடியனில் திறப்பு இல்லை. முறைப்படி போவதென்றால் அடுத்த பாலம்வரை சென்று, அடியில் திரும்பி, மறுபக்கச் சாலையில் வர வேண்டும். ராங் சைடில் வந்தால் சில நூறு மீட்டர்தான்.

அவர் செய்வது தவறுதான். 100 கி.மீ. வேகத்தில் வரும் கார் நொடிக்கு ஏறக்குறைய 28 மீட்டர் கடக்கிறது. எதிரே 40 கி.மீ. வேகத்தில் மொபெட் வந்தால், இரண்டுக்கும் நடுவிலுள்ள தூரம் நொடிக்கு 39 மீட்டர் சுருங்குகிறது. அவர் பணயம் வைப்பது தம் உயிரை மட்டுமல்ல. அந்தப் பிள்ளையின் உயிரும், மோதலைத் தவிர்க்க ஸ்டியரிங்கை ஒடிக்கிற முன்பின் தெரியாத ஒருவரின் உயிரும் அதில் இருக்கின்றன. வறுமையோ அவசரமோ அந்த மூன்றாம் மனிதருக்குப் பதிலாகாது.

ஆனால் தவறு அந்த மொபெட்டில் தொடங்கவுமில்லை, அதோடு முடியவுமில்லை. இடது ஓரத்தில் எப்போது எது எதிரே வரும் என்று தெரியாததால் லாரி ஓட்டுநர் அந்தத் தடத்தையே விட்டுவிடுகிறார். நிறுத்தப்பட்ட டிப்பர்கள், ஆள் ஏற்ற நிற்கும் பேருந்துகள், சர்வீஸ் ரோட்டிலிருந்து திடீரென்று நுழையும் இருசக்கர வண்டிகள் என்று அவர் சொல்லும் காரணங்கள் எல்லாமே உண்மை. ஆகவே முந்திச் செல்வதற்கான வலது தடத்தில் கன்டெய்னர் லாரி 50 கி.மீ. வேகத்தில் ஊர்கிறது. பின்னால் வரும் கார்க்காரர் ஒலிப்பானை அடித்துப் பார்த்துவிட்டு, லாரிக்கு இடப்பக்கமாகப் பாய்ந்து முந்துகிறார். லாரியின் மறைவிலிருந்து அவர் வெளியே வரும்போது எதிரே இருப்பது அந்த மொபெட். ஒருவருடைய மீறலே அடுத்தவருக்கு நியாயமாகி, சுற்றிச் சுற்றி முதல் ஆளின் தலையிலேயே வந்து விழுகிறது.

இவர்களில் யாருடைய பழி கனமானது? சரியாக நடந்துகொள்ள அவரவர் எதை இழக்க வேண்டியிருந்தது என்று கேட்டால் ஓரளவு தெளிவு கிடைக்கும். கார்க்காரர் இழப்பது இரண்டு நிமிடம். அதனால் அவருக்குச் சாக்கே இல்லை. லாரி ஓட்டுநர் தொடர்ந்து பிரேக் போட்டு, கியர் மாற்றி, டீசலையும் உடம்பையும் செலவழிக்க வேண்டும். மொபெட்காரர் தினமும், ஆயுள் முழுக்க, சில கிலோமீட்டர் கூடுதலாகச் சுற்ற வேண்டும். அந்தத் திறப்பு எங்கே வர வேண்டும் என்று வரைபடத்தில் குறித்தவர் இழந்திருக்கக்கூடியது திட்டச் செலவில் ஒரு பகுதி. அதுவும் அவர் சொந்தப் பணம் அல்ல. நெடுந்தூரம் போகிறவரின் நேரம் மிச்சமாவதற்காகச் சாலையோர ஊர்க்காரரின் நடமாட்டம் வெட்டப்பட்டது. இந்தக் கொடுக்கல் வாங்கலில் அந்த ஊரின் சம்மதத்தை யாரும் கேட்கவில்லை.

சுவீடன் நாடாளுமன்றம் 1997-ல் ஏற்ற ‘விஷன் ஜீரோ’ கொள்கை, மனிதர் தவறு செய்வார் என்பதை முன்கூட்டியே எண்ணிச் சாலையை அமைப்பது வடிவமைப்பவரின் பொறுப்பு என்றது. நம் சட்டமும் அந்தப் பக்கம் ஓரடி வைத்திருக்கிறது. 2019-ல் திருத்தப்பட்ட மோட்டார் வாகனச் சட்டத்தின் 198ஏ பிரிவின்படி, வடிவமைப்புத் தரம் மீறப்பட்டதால் உயிர் போனாலோ ஊனம் நேர்ந்தாலோ பொறுப்பான அமைப்புக்கு அபராதம் உண்டு. உச்சவரம்பு ஒரு லட்சம் ரூபாய், சிறை இல்லை. அதே சட்டத்தின் 184-ம் பிரிவு, எதிர்த்திசையில் ஆபத்தாக ஓட்டுபவரைச் சிறைக்கே அனுப்பலாம் என்கிறது. தவறுக்கான தேவையை உண்டாக்கியவருக்குப் பணம், அந்தத் தேவைக்குப் பணிந்தவருக்குச் சிறை என்ற இந்த ஏற்றத்தாழ்வு நியாயமல்ல.

வடிவமைப்பாளரின் பழி கூடுவதால் மொபெட்காரரின் பழி குறைந்துவிடாது. பழி என்பது பங்கு போட்டுத் தீரும் கடன் அல்ல. ஆனால் திருத்தத்தை எங்கே தொடங்குவது என்பது வேறு கேள்வி. ஒரு ஓட்டுநரைத் திருத்தினால் ஒரு வண்டி திருந்தும். அடுத்த நாள் அதே இடத்தில் இன்னொரு வண்டி எதிரே வரும். நிலம் எடுக்கும்போது சர்வே எண்ணும் பட்டாதாரர் பெயரும் கவனமாகக் குறிக்கப்படுகின்றன. பால் எந்த வழியாகச் சொசைட்டிக்குப் போகிறது, பிள்ளைகள் சாலையை எங்கே கடக்கிறார்கள் என்பவையும் அதே கவனத்தோடு அந்தக் கோப்பில் ஏற வேண்டும்; திறப்பின் இடத்தை அதற்குப் பிறகுதான் முடிவு செய்ய வேண்டும்.