காணா மலையும் காக்கும் கடனும்

இயற்கை எழில் மிக்க ஓரிடத்தைச் சென்று காண மாந்தர்க்கு உரிமை உண்டா என்னும் வினா, கேட்ட மாத்திரத்தில் வியப்பையே தரும். மலையும் ஆறும் எல்லார்க்கும் பொது. கண் படைத்தோர் காணலாம். கால் படைத்தோர் செல்லலாம். இதில் உரிமையைப் பற்றிப் பேச என்ன இருக்கிறது எனத் தோன்றும். ஆயினும், ஒரு மலையகத்தைக் காக்க வேண்டும் என்பதற்காகவே அதனை மாந்தர் கண்ணினின்று மூடிவைத்திருக்கும் நாடு நம் நாடு.

இமயத்தின் கார்வால் பகுதியில், இன்றைய உத்தராகண்ட மாநிலத்துச் சமோலி மாவட்டத்தில், ஒன்றுக்கொன்று அணித்தாக இரு காப்பிடங்கள் உள்ளன. ஒன்று மலர்ப் பள்ளத்தாக்கு; நுழைவுச் சீட்டுப் பெற்று எவரும் சென்று காணலாம். மற்றொன்று நந்தாதேவி மலையின் உள்வட்டம். 1983 முதல் அது மூடப்பட்டுள்ளது. இவ்விரண்டையும் அருகருகே வைத்து எண்ணினால், காண்டல் என்னும் செயலின் அறம் யாது என்பது ஓரளவு விளங்கும்.

எழுந்துகொண்டிருக்கும் மலை

பத்ரிநாதம் செல்லும் தமிழர் அனைவரும் ஜோஷிமடத்தைக் கடந்தே செல்வர். திருமங்கையாழ்வார் பாடிய திருப்பிரிதி இத்தலமே என்பது வைணவ மரபு. 2024 முதல் ஜோதிர்மடம் என அரசால் வழங்கப்பெறும் இவ்வூர், பழைய நிலச்சரிவு ஒன்றின் கற்குவியல்மேல் அமைந்தது. பளுவான கட்டடங்களை இங்கு எழுப்பலாகாது என 1976-ஆம் ஆண்டிலேயே மிஸ்ரா குழு எச்சரித்தது. 2023 ஜனவரியில் இங்கே 800-க்கும் மேற்பட்ட கட்டடங்களில் விரிசல் கண்டது.

மலை என்றாலே அசையாமைக்கு உவமை கூறுவது புலவர் வழக்கு. இமயத்தைப் பொறுத்தவரை நிலநூல் சொல்வது வேறு. இந்திய நிலத்தகடு ஆசிய நிலத்தகட்டோடு மோதத் தொடங்கி ஏறத்தாழ 5 கோடி ஆண்டுகள் ஆகின்றன. அம்மோதல் இன்னும் ஓயவில்லை. ஆண்டுதோறும் சில சென்டிமீட்டர் அளவில் நம் நிலம் வடக்கே தள்ளிச் செல்கிறது. ஆழத்தே கிடந்த பாறைகளை மேலே தூக்கி நிறுத்திய பெரும் பிளவுகளுள் ஒன்று இந்த ஜோஷிமடத்தை ஒட்டியே செல்கிறது. 7,816 மீட்டர் உயர்ந்து நிற்கும் நந்தாதேவி முடிந்துபோன ஒரு பொருளன்று; எழுந்துகொண்டும் தேய்ந்துகொண்டும் இருக்கும் ஒரு நிகழ்ச்சி எனலாம். அந்நிகழ்ச்சியின் நடுவே புகுகிறோம் என்னும் எண்ணம் ஒன்றே, வழிச்செல்வோர்க்கு முதற்பாடமாக அமைய வேண்டும்.

திறந்த பள்ளத்தாக்கு

கோவிந்தகாட்டிலிருந்து மலையேறிக் காங்காரியாவை அடைந்து, அங்கிருந்து புஷ்பவதி ஆற்றங்கரையைப் பற்றிச் சென்றால் மலர்ப் பள்ளத்தாக்கு தோன்றும். 87.5 சதுர கிலோமீட்டர் பரப்புடைய இக்காப்பிடத்தில் 500-க்கும் மேற்பட்ட பூக்குந் தாவர இனங்கள் உள்ளன. ஆடி ஆவணி மாதங்களில் இமயக் காசித்தும்பை சரிவெங்கும் இளஞ்சிவப்பாய்ப் பரவிக் கிடக்கும். நீலப் பாப்பி கற்களின் இடையே தனித்து நிற்கும். இன்னும் உயரத்தே பிரம்மகமலம் மலரும். மலர்ப்பெயர்களை மாலைபோல் அடுக்கிய குறிஞ்சிப்பாட்டைக் கற்றவர்கள், பெயர் தெரியாத மலர்களின் நடுவே இங்கு வாயடைத்து நிற்பர்.

1931-இல் காமெட் சிகரத்தினின்று திரும்பிய பிராங்க் ஸ்மைத் என்னும் ஆங்கிலேயர் இப்பள்ளத்தாக்கினுள் வந்தார். 1937-இல் மீண்டும் வந்து தங்கினார். மறுவாண்டு அவர் வெளியிட்ட நூலால் இவ்விடம் உலகெங்கும் அறியப்பட்டது. அவர் இதனைக் கண்டுபிடித்தார் என்று எழுதுவோர் உண்டு. பல தலைமுறையாகத் தம் ஆடுகளை இங்கு ஓட்டி வந்த இடையர்கள், தாம் கண்டுபிடிக்கப்பட வேண்டியவர்கள் என்பதை அறியாதிருந்தனர் போலும். மலர் திரட்ட வந்து, 1939-இல் பாறையில் சறுக்கி உயிர்நீத்த ஜோன் மார்கரெட் லெக் என்னும் அம்மையாரின் கல்லறையும் இப்பள்ளத்தாக்கிலேயே உள்ளது.

இன்று இங்கு இரவு தங்க அனுமதியில்லை. காலையில் சென்று மாலைக்குள் திரும்ப வேண்டும். இவ்விதியை முணுமுணுப்போடு ஏற்பாரும் உளர். எண்ணிப் பார்த்தால், விருந்தினர்க்கு உரிய நெறியே இவ்விதி. விருந்தாகச் சென்ற இல்லத்தில், வீட்டார் ஓய்வு கொள்ளும் வேளை அறிந்து எழுந்து வருவதை நாம் குறையாகக் கருதுவதில்லை அன்றோ?

மூடிய மலை

இனி நந்தாதேவிக்கு வருவோம். வானளாவிய முடிகள் வட்டமாகச் சூழ்ந்து நிற்க, அவற்றின் நடுவே புல்வெளியும் பனியாறுமாய்க் கிடக்கும் உள்வட்டத்திற்கு, ரிஷிகங்கை ஆறு குடைந்த ஆழ்ந்த இடுக்கு ஒன்றே வாயில். 1934-இல் ஷிப்டன், டில்மன் என்னும் இருவரும், ஆங்தார்க்கே, பசாங், குசாங் என்னும் ஷெர்ப்பாக்கள் மூவரும் அவ்விடுக்கின் வழியே உள்ளே புகுந்தனர். 1936-இல் டில்மனும் ஓடெலும் சிகரத்தை எட்டினர்.

அதன்பின் நிகழ்ந்தது மாந்தர் ஆசையின் வரலாறு. 1965-இல் அயல்நாட்டு உளவுக்கென அமெரிக்காவும் இந்தியாவும் சேர்ந்து எடுத்துச் சென்ற புளுட்டோனியக் கருவி ஒன்று, இம்மலையிலேயே விடப்பட்டுக் காணாமற் போயிற்று. 1974-இல் மலையேற்றக் குழுக்களுக்கு வழி திறந்தது, குழுக்கள் பெருகின. சுமப்போர் விறகுக்காகக் கட்டைச் செடிகளை வெட்டினர்; தங்கிய இடமெல்லாம் குப்பை சேர்ந்தது. 1982-இல் தேசியப் பூங்காவாக அறிவிக்கப்பெற்று, மறுவாண்டு வாயில் அடைக்கப்பட்டது. பத்தாண்டு கழித்து, 1993-இல் ஆய்வுக்குச் சென்ற படைத்துறைக் குழுவினர் ஏறத்தாழ 1,000 கிலோ குப்பையைச் சுமந்து வந்தனர் என்றால், அங்குச் சென்றோர் மலையை எவ்வாறு நேசித்தனர் என்பது சொல்லாமலே விளங்கும். அவர்களுள் எவரும் மலையை வெறுத்தவர் அல்லர். அனைவரும் அதன் அழகில் மயங்கியே சென்றனர். அன்பினால் சென்றோரும் அழிவு செய்யக்கூடும் என்பதே இங்கு நாம் கருத வேண்டுவது.

விலை கொடுத்தவர் யார்?

ஆயின், மூடுவதனாலேயே அறம் நிறைவுற்றது என்று கூறிவிட முடியுமா? அம்மலையின் வாயிலில் ரேணி, லாதா என்னும் சிற்றூர்கள் உள்ளன. 1974 மார்ச் 26 அன்று, ஆடவர் ஊரில் இல்லாத வேளையில், மரம் வெட்ட வந்தோரைக் கௌரா தேவி என்னும் மூதாட்டியின் தலைமையில் எதிர்த்து நின்று, காட்டைக் காத்தவர்கள் இந்த ரேணியின் பெண்களே. சிப்கோ இயக்கம் என நாடு போற்றும் அறப்போர் அது.

அத்தகைய மக்களுக்கே, வாயில் அடைபட்டபோது மேய்ச்சல் நிலம் போயிற்று, மூலிகை போயிற்று, வழிகாட்டியும் சுமந்தும் ஈட்டிய கூலியும் போயிற்று. மலைக்குத் தீங்கு செய்தவர் தொலைவிலிருந்து வந்தோர். தண்டம் செலுத்தியவர் அருகிலிருந்தோர். 1998-இல் அவ்வூரார் தம் வழக்குரிமை கோரிக் காப்பிடத்துள் நுழைந்து கிளர்ச்சி செய்தனர். 2001-இல் லாதாவில் கூடி, தம் பகுதிச் சுற்றுலா தம் மக்களின் பொறுப்பில், இயற்கைக்கு ஊறின்றி நடைபெற வேண்டும் என அறிக்கை வெளியிட்டனர். 2003 முதல் வெளிப்புறத்துச் சிறு பாதை ஒன்று மட்டும், எண்ணிக்கை வரையறையோடு, திறந்துவிடப்பட்டது.

ஐந்திணை நெறி உரைத்த தொல்காப்பியர், நிலத்தையும் பொழுதையும் முதற்பொருளாக வைத்து, அந்நிலத்தின் தெய்வமும் விலங்கும் மரமும் புள்ளும் போலவே அங்கு வாழ்வோரின் உணவையும் தொழிலையும் கருப்பொருளுள் அடக்கினார். தொழிலை நீக்கிய நிலம் திணையாகாது. மலர்ப் பள்ளத்தாக்கிலேயே இதற்கு ஒரு சான்று கூறுவர். மேய்ச்சல் நின்றபின், உயர்ந்து வளரும் ஒருவகைக் களைச்செடி பெருகிப் பிற மலர்களை நெருக்கத் தொடங்கிற்று; வனத்துறையினர் அதனைப் பிடுங்கி எறிய வேண்டியதாயிற்று. மேய்ச்சல் நின்றமையே இதற்குக் காரணமா என்பதில் ஆய்வாளரிடையே கருத்து வேறுபாடு உண்டு. ஆயினும், மாந்தரை முற்றும் விலக்குவதே காவல் என்னும் எளிய முடிவு ஐயத்திற்குரியது என்பதில் ஐயமில்லை.

இன்னொன்றும் உண்டு. 2021 பிப்ரவரி 7 அன்று, ரோந்தி சிகரத்தினின்று பாறையும் பனியும் பெயர்ந்து ரிஷிகங்கையில் வீழ, வெள்ளம் புரண்டு, ரேணியின் அருகிலும் தபோவனத்திலும் இருந்த மின்திட்டப் பணியிடங்களை வாரிச் சென்றது. இருநூறுக்கும் மேற்பட்டோர் மாண்டனர் அல்லது காணாமற் போயினர். ஆடு மேய்ப்பவன் உள்ளே செல்லலாகாது எனத் தடுத்த அதே ஆற்றின் கீழ்ப்புறத்தில் அணை கட்டப்பட்டது எவ்வகைக் காவல் என்று அவ்வூரார் வினவினால், நகரத்தில் விளக்கேற்றி வாழும் நாம் என்ன விடை கூறுவோம்?

காணாமையும் ஓர் அறம்

ஆகவே, கட்டுப்பாடு யாருக்கு உரியது என்பதே உண்மையான வினா. நிலத்தோடு வாழ்வோரின் தேவையும், நிலத்தைக் கண்டு மகிழ வருவோரின் விருப்பமும் ஒரே தராசில் வைக்கத்தக்கன அல்ல. காத்தல் என்பது முதற்கண் வருவோர் தம் ஆசைக்கு இடும் வரம்பாக இருத்தல் வேண்டும். வாழ்வோரின் வயிற்றுக்கு இடும் வரம்பாகி விடலாகாது.

காணாத ஒன்றை மக்கள் எங்ஙனம் நேசிப்பர், நேசிக்காத ஒன்றை எங்ஙனம் காப்பர் எனக் கேட்பாரும் உண்டு. இவ்வினாவில் நியாயம் உள்ளது. மலர்ப் பள்ளத்தாக்கு திறந்திருப்பதன் பயன் அதுவே. அங்கு ஒருநாள் நின்றவர், பிறிதோரிடத்தில் ஒரு சிறு காட்டை வெட்டக் கண்டாலும் மனம் பொறார். ஆயினும், எல்லாவற்றையும் கண்டே தீர்வேன் என்பது நேசமாகாது. அது உடைமை வேட்கை.

கார்வால், குமாவோன் மக்கள் நந்தாவைத் தம் வீட்டுப் பெண்ணாகக் கருதுவர். பன்னிரண்டாண்டுக்கு ஒருமுறை எனக் கணக்கிடப்பெறும் பெருவலத்தில், அவளைக் கணவன் இல்லத்திற்கு வழியனுப்பப் பல நாள் மலைவழி நடப்பர். ஹோம்குண்டம் என்னுமிடம் வந்ததும் மக்கள் நின்றுவிடுவர். நாற்கொம்பு ஆட்டுக்கிடா ஒன்று மட்டும் அவளுக்குரிய பொருள்களோடு அப்பால் அனுப்பப்படும். அன்பு மிகுதியால் அத்தனைத் தொலைவு நடந்தவர்கள், அன்பு மிகுதியாலேயே ஓர் எல்லையில் திரும்புகின்றனர். எந்த ஆணையும் அவர்களுக்கு இதனைக் கற்பிக்கவில்லை.

தமிழர்க்கும் இது புதிதன்று. கோப்பெருஞ்சோழனும் பிசிராந்தையாரும் ஒருவரை ஒருவர் காணாமலே நட்புப் பூண்டவர்கள். நட்புக்குக் காட்சி இன்றியமையாததன்று என்பதற்கு அவர்களே நமக்கு இலக்கியம். நந்தாதேவியின் உள்வட்டத்தை நம்மில் எவரும் காணப்போவதில்லை. அங்குப் பனிச்சிறுத்தை நடக்கும். கத்தூரி மான் மேயும். நம் கண் படாமலே மலர்கள் பூத்து உதிரும். அவை அவ்வாறு இருக்கின்றன என்னும் அறிவே நமக்குப் போதுமான மகிழ்ச்சியாகும் நாள் வருமாயின், அன்றுதான் மலர்ப் பள்ளத்தாக்கினுள் கால் வைக்கவும் நாம் தகுதி பெறுவோம்.