தெரியாமல் சாப்பிட்டால் பாவமா?

ஜப்பானுக்குச் சுற்றுலா போய்வந்த ஒரு குடும்பத் தலைவி நம்மிடம் கேட்ட கேள்வி இது. கியோட்டோ விடுதியில் கணவர், குழந்தைகளோடு மிசோ சூப் குடித்திருக்கிறார். ‘மீன் இல்லையே?’ என்று கேட்டபோது, பரிமாறிய பெண் ‘இல்லை’ என்றாள். மறுநாள்தான் விஷயம் தெரிந்தது. அங்கே சூப்புக்கு அடிப்படையான ‘தாஷி’ என்ற சாறு, பெரும்பாலும் உலர்ந்த சூரை மீன் சீவலில் இறக்குவது! ‘ஏமாற்றிவிட்டாளே’ என்று அழுதாராம்.

அன்பர்களே, மனம் அறியாத செயலில் பாவம் இல்லை. ஆனால், அறிந்தபிறகு விசாரிக்காமல் உண்டால், அது நம் பிழை. ‘என்ன போட்டிருக்கிறது’ என்பதோடு, ‘எதில் கொதித்தது’ என்றும் கேளுங்கள்.

அதே ஜப்பானில் வழியும் இருக்கிறது. துறவி கூகாய் 9-ஆம் நூற்றாண்டில் நிறுவிய கோயாசான் மலைத்தலத்தில் சுமார் 50 கோயில்கள் யாத்ரீகர்களைத் தங்கவைக்கின்றன. அங்கு பரிமாறும் ‘ஷோஜின் ரியோரி’ உணவில் மீன், இறைச்சி மட்டுமல்ல. வெங்காயம், பூண்டும் சேர்ப்பதில்லை. சாறுகூட கடற்பாசியிலும் காளானிலும் இறக்குவதுதான். நம் வீட்டு விரதச் சமையல் நினைவுக்கு வருகிறது அல்லவா?

சரி, அந்தப் பரிமாறிய பெண்? அவள் பொய் சொல்லவில்லை; கிண்ணத்தில் மீன் துண்டு இல்லை, அவ்வளவுதான். திருக்குறளில் அருளுடைமைக்கு அடுத்த அதிகாரமாகவே புலால் மறுத்தல் வருகிறது. மீனிடம் காட்டும் அருளை அந்தப் பெண்ணிடமும் காட்டினால்தான் நம் விரதம் முழுமை பெறும்.