இயலாமையின் பாவனை

அமெரிக்காவிலும் ஐரோப்பாவிலும் சிலர் வீட்டிலேயே ஒரு சாதனம் செய்துகொள்கிறார்கள். ஒரு தண்ணீர்ப் பை. அதிலிருந்து இறங்கும் மெல்லிய குழாய். குழாயின் நடுவில் ஒரு வால்வு. வால்வைத் திறந்து மூட ஒரு டைமர். குழாயின் மறுமுனை பெரியவர்கள் அணியும் டயப்பருக்குள் போகிறது. நேரம் வந்ததும் வால்வு திறக்கிறது, நீர் இறங்குகிறது, அணிந்திருப்பவர் நனைகிறார். தன் வசமின்றிச் சிறுநீர் போய்விடும் நிலைக்கு இது ஒத்திகை. தோட்டத்துக்கு நீர் விடும் டைமர், மீன்தொட்டிப் பம்பு, ஆஸ்பத்திரிச் சலைன் குழாய் என்று கைக்குக் கிடைத்ததைக் கொண்டு செய்கிறார்கள். சிலருக்கு இது விளையாட்டு. சிலருக்குப் பாலுணர்வோடு கலந்த விஷயம். இதன் எளிய வடிவம் ஒன்று கல்விக்கூடங்களிலும் உண்டு: ஜப்பான் போன்ற நாடுகளில் நர்ஸிங் மாணவர்கள் டயப்பர் அணிந்து பார்ப்பது பயிற்சியின் ஒரு பகுதியாக இருக்கிறது.

இதைக் கேட்டதும் முதலில் வருவது சிரிப்பு, அடுத்தது அருவருப்பு. இரண்டும் கேள்வியிலிருந்து தப்பித்துக்கொள்ளும் வழிகள். தன் அறையில் தன் உடம்பை நனைத்துக்கொள்கிறவன் யாருக்கும் தீங்கு செய்யவில்லை. ஒழுக்கத்தின் பெயரால் அவனைக் கண்டிக்க எனக்கு முகாந்திரம் தென்படவில்லை. ஆனால் அவன் செய்து வைத்திருக்கும் அந்த எளிய சாதனத்துக்குள் ஒரு பிரச்னை இருக்கிறது. சங்கல்பத்தை இழக்க வேண்டும் என்று ஒருவன் சங்கல்பித்துக்கொள்ள முடியுமா? அப்படி இழந்து பெறும் அனுபவம், உண்மையாகவே இழந்தவனைப் பற்றி நமக்கு எதையாவது தெரிவிக்குமா?

'மூத்திரம் போனேன்' என்பது ஒரு வாக்கியம். 'மூத்திரம் போய்விட்டது' என்பது வேறு வாக்கியம். முன்னதில் எழுவாய் நான். பின்னதில் நான் இல்லை, மூத்திரமே எழுவாய். 'விட்டது' என்பது, காரியம் என்னைக் கேட்காமல் நடந்து முடிந்துவிட்டதைச் சொல்கிறது. நான் கையை உயர்த்துவதற்கும் கை தானாக உயர்வதற்கும் உள்ள வித்தியாசம் எதில் இருக்கிறது என்ற பிரச்னையை விட்கன்ஸ்டைன் எழுப்பினார். அதை விளக்கக் கையை விடச் சரியான உதாரணம் மூத்திரப்பைதான். ஒரே உறுப்பு, ஒரே நீர். ஒரு சமயம் அது செயல், இன்னொரு சமயம் சம்பவம். இரண்டு மூன்று வயதில் குழந்தை இரண்டாம் வாக்கியத்திலிருந்து முதல் வாக்கியத்துக்கு வந்து சேர்கிறது. பக்கவாதம், தண்டுவடக் காயம், பிராஸ்டேட் அறுவை, பிரசவம், மறதி நோய் என்று ஏதோ ஒன்று அதை மறுபடியும் இரண்டாம் வாக்கியத்துக்குத் தள்ளிவிடக்கூடும். மனிதன் கற்கும் முதல் நாகரிகம் இது. இழக்கும்போது அதிகம் கூசுவதும் இதற்குத்தான்.

மேலே சொன்ன சாதனம் முதல் வாக்கியத்தின் உழைப்பைக்கொண்டு இரண்டாம் வாக்கியத்தை உண்டாக்கப் பார்க்கிறது. இதில் உள்ள முரண் செய்கிறவர்களுக்கே தெரியும். டைமரை நான்கு மணிக்கு வைத்தால் மூன்றே முக்காலுக்கே உடம்பு எதிர்பார்க்கத் தொடங்கிவிடுகிறது. எதிர்பார்த்தது வந்தால் அது சம்பவம் இல்லை. ஆகவே நேரத்தைத் தாறுமாறாகத் தேர்ந்தெடுக்கும் டைமரை வைத்துக்கொள்கிறார்கள். எப்போது திறக்கும் என்பதை, திறக்க ஏற்பாடு செய்தவனே அறியாமல் இருக்க வேண்டும். தன்னிடமிருந்தே ஒன்றை ஒளித்துவைக்கும் முயற்சி இது.

நீரால் காலத்தை அளப்பது புராதனமான காரியம். முல்லைப்பாட்டின் பாசறையில் அரசனுக்கு நாழிகை பார்த்துச் சொல்ல ஆட்கள் இருக்கிறார்கள். அவர்களிடம் இருப்பது நீர்க்கன்னல். கி.மு. 3ஆம் நூற்றாண்டில் அலெக்ஸாண்ட்ரியாவில் தெஸிபியஸ் நீர்க்கடிகாரத்தைத் திருத்தினார். பாத்திரத்தில் நீர்மட்டம் இறங்க இறங்க ஒழுக்கின் வேகமும் குறையும். மட்டம் மாறாமல் இருக்க, வழிந்தோடும் ஒரு தொட்டியை அவர் இடையில் வைத்தார். வீட்டுச் சாதனத்தைச் செய்கிறவனுக்கும் இதே தொல்லைதான்: பை காலியாகும்போது ஒழுக்கு மெலிகிறது. பிறகு உஷ்ணம்; நீர் 37 டிகிரியில் இல்லாவிட்டால் உடம்பு அதை அந்நியம் என்று உடனே கண்டுகொள்ளும். பிறகு அளவு. மூத்திரப்பை 150, 200 மில்லிலிட்டரில் முதல் உணர்வைத் தருகிறது, 400, 500 வரை தாங்குகிறது. ஆகவே சொட்டுச் சொட்டாக விடுவதா, மொத்தமாகத் திறப்பதா என்பதும் யோசிக்க வேண்டிய விஷயமாகிறது.

இதில் ஒரு விசேஷம் உண்டு. டயப்பருக்குள் இருக்கும் சோடியம் பாலியக்ரிலேட் தூளுக்கு வெறும் நீருக்கும் மூத்திரத்துக்கும் வித்தியாசம் தெரியும். சுத்த நீரில் தன் எடையைப்போல் பல நூறு மடங்கு உறிஞ்சி வீங்கும் அது, உப்பு கலந்த நீரில் சில பத்து மடங்கோடு நின்றுவிடுகிறது. வெறும் தண்ணீர் விட்டு ஒத்திகை பார்த்தவன் உண்மையைவிடச் சௌகரியமான ஒன்றைத்தான் அனுபவித்திருக்கிறான். பாவனையில் குறைந்தது உப்பு. இது சின்னக் குறை. உப்பைக் கலந்து சரிசெய்துவிடலாம். கலந்தும் சரியாகாத குறை ஒன்று இருக்கிறது.

அதற்கு முன், இவன் எதைத் தேடுகிறான் என்று பார்க்க வேண்டும். தன் கைகளைத் தானே கட்டிக்கொள்வதற்கு நமக்குத் தெரிந்த முன்மாதிரி ஒடிஸியஸ். தன்னைப் பாய்மரத்தில் கட்டச் சொல்லி, அவிழ்க்கச் சொன்னால் இன்னும் இறுக்குங்கள் என்று உத்தரவிட்டவன். என் தொழிலிலிருந்து இன்னொன்றைச் சொல்லலாம். அமெரிக்காவில் கொள்ளைக்காரர்கள் வங்கிக் காசாளர்களின் வீட்டுக்கே போய் மிரட்டிப் பெட்டகத்தின் ரகசிய எண்ணைப் பிடுங்கிய காலம் ஒன்று இருந்தது. ஜேம்ஸ் சார்ஜென்ட் 1873இல் நேரப்பூட்டைச் செய்தார். குறித்த மணி வரும்வரை எண் தெரிந்த காசாளனாலேயே பெட்டகத்தைத் திறக்க முடியாது. அவனுடைய அதிகாரத்தைப் பறித்ததால் அவனுடைய உயிர் பிழைத்தது. இவ்விரண்டிலும் கட்டு ஒரு உபாயம். பாட்டைக் கேட்டுவிட்டு உயிரோடு போக வேண்டும். பணமும் காசாளனும் பத்திரமாக இருக்க வேண்டும். தண்ணீர்ப் பை வைத்துக்கொள்கிறவனுக்குக் கட்டுக்கு அப்பால் எதுவும் இல்லை. கட்டுண்டிருப்பதுதான் அவனுக்கு வேண்டும். தன்மேல் தான் வைத்திருக்கும் காவலிலிருந்து சற்று நேரம் ஓய்வு. வாழ்நாள் முழுவதும், தூக்கத்தில்கூட, நாம் இந்தக் காவலைச் செய்துகொண்டிருக்கிறோம் என்பதை நினைத்தால் இந்த ஆசை அவ்வளவு விபரீதமாகத் தோன்றவில்லை. குடியிலும் கூட்டப் பஜனையிலும் வேறு பலர் தேடுவதும் இந்த ஓய்வைத்தான்.

அந்த மட்டில் எனக்கு அவனோடு சண்டையில்லை. பாவனை, ஞானம் என்று பெயர் சூட்டிக்கொள்ளும்போதுதான் சண்டை தொடங்குகிறது. 'இப்போது எனக்குத் தெரியும், அவர்களுக்கு எப்படி இருக்கும் என்று'. இதை விளையாடுகிறவன் சொல்லலாம். பயிற்சி முடித்த மாணவனும் சொல்லலாம். தாமஸ் நேகல் 1974இல் வௌவாலைப் பற்றி எழுதிய கட்டுரையின் வாதம் இங்கே பொருந்தும். நான் இருட்டில் தலைகீழாகத் தொங்கிப் பார்த்தால், வௌவாலைப்போல் நடந்துகொள்வது எனக்கு எப்படி இருக்கிறது என்றுதான் அறிவேன். வௌவாலுக்கு எப்படி இருக்கிறது என்று அறிய மாட்டேன். சாதனம் தருவது வெளியிலிருந்து வரும் ஈரம். அதில் உள்ளிருந்து முட்டும் அவசரம் இல்லை. கழிவறைக்கு நான்கு அடி இருக்கும்போதே தோற்றுப்போவது இல்லை. இருமும்போது கசிந்துவிடுமோ என்று கல்யாண வீட்டுக்குப் போகாமல் நின்றுவிடுவது இல்லை. தண்டுவடம் அறுந்தவனுக்கோ ஈரமே தெரியாமல் இருக்கலாம். எது நோயாளிக்குச் சில சமயம் தெரியவே தெரியாதோ, அதை மட்டும் சாதனம் கச்சிதமாக உண்டாக்குகிறது.

ஈரம் தன்னளவில் அவமானம் இல்லை என்பதற்குச் சாட்சி உண்டு. 1961 மே 5ஆம் தேதி ஆலன் ஷெப்பர்ட் ராக்கெட்டின் உச்சியில் நாலு மணி நேரத்துக்கு மேல் கட்டுண்டு கிடந்தார். பயணமே 15 நிமிஷம்தான் என்பதால் சிறுநீருக்கு ஏற்பாடு எதுவும் செய்திருக்கவில்லை. தாமதம் நீண்டுகொண்டே போக, அனுமதி கேட்டார். முதலில் மறுத்தார்கள், உடலில் ஒட்டியிருந்த மின் உணர்விகள் பழுதாகும் என்ற பயம். பிறகு மின்சாரத்தை நிறுத்திவிட்டு அனுமதித்தார்கள். விண்வெளிக்குச் சென்ற முதல் அமெரிக்கர் நனைந்த உடையோடுதான் போனார். இறங்கி வந்தபோது அவருக்குக் கிடைத்தது வரவேற்பு. கதை பிற்பாடு வேடிக்கையாகச் சொல்லப்பட்டது. ஈரத்தில் இழிவு இருந்திருந்தால் அது அவரையும் பிடித்திருக்க வேண்டும். பிடிக்கவில்லை, ஏனென்றால் ஒரு தேசமே அவரைக் கவனித்துக்கொண்டிருந்தது. கேட்டவுடன் பதில் சொல்ல மறுமுனையில் ஒருவன் இருந்தான்.

இழிவு எங்கே இருக்கிறது என்று இதிலிருந்து ஊகிக்கலாம். நனைவதில் இல்லை, நனைந்த பிறகு காத்திருப்பதில் இருக்கிறது. படுக்கையில் கிடப்பவன் நனைந்துவிட்டதை அறிகிறான். மணியை அழுத்துகிறான், அல்லது கூப்பிடுகிறான், அல்லது கூப்பிடக் கூச்சப்பட்டுக் கிடக்கிறான். முதியோர் விடுதிகள் பலவற்றில் டயப்பர் மாற்றுவது சுற்று முறையில் நடக்கிறது: இன்ன மணிக்கு இந்த வரிசை, இன்ன மணிக்கு அடுத்த வரிசை. அவன் உடம்புக்கு ஒரு நேரம், விடுதிக்கு ஒரு நேரம். இரண்டுக்கும் இடைப்பட்ட வேளையில் தோல் ஊறுகிறது, சிவக்கிறது, புண்ணாகிறது. தோலுக்கு முன்னால் மனம் ஒரு விஷயத்தைக் கற்றுக்கொண்டுவிடுகிறது: கூப்பிடாமல் இருப்பது, தண்ணீரைக் குறைத்துக் குடிப்பது, ஒருவருக்கும் சிரமம் தராத ஒரு பண்டமாகத் தன்னைச் சுருக்கிக்கொள்வது.

இந்த வெளிச்சத்தில் பார்த்தால் சாதனத்தில் கடிகாரம் தப்பான இடத்தில் பொருத்தப்பட்டிருக்கிறது. நீர் எப்போது இறங்கும் என்பதை அவன் தாறுமாறாக்கி வைத்தான். உலர்ந்த துணி எப்போது வரும் என்பதை அவன் தாறுமாறாக்கவில்லை. அது அலமாரியில் இருக்கிறது; எழுந்து எடுத்துக்கொள்ளலாம். வால்வை நீரில் வைத்தது பிசகு. உதவியில் வைத்திருக்க வேண்டும். நனைந்தவன் எழக் கூடாது. துணி வேறொருவர் கையில் இருக்க வேண்டும். அவர் எப்போது வருவார் என்று இவனுக்குத் தெரியக் கூடாது. வந்தால் முகம் சுளிப்பாரா என்பதும் தெரியக் கூடாது. அப்போதும் 'போதும்' என்று சொல்லி ஒத்திகையை நிறுத்தும் உரிமை அவனிடம் இருக்கும், இருக்கவும் வேண்டும். இந்த உரிமைதான், உப்பைக் கலப்பது மாதிரி எதையும் கலந்து சரிசெய்ய முடியாத குறை.

பாட்ரிஷியா மூர் என்ற அமெரிக்க வடிவமைப்பாளர் 1979 முதல் 1982 வரை, தன் இருபதுகளில், எண்பது வயதுக் கிழவியாக வேஷம் போட்டு நூற்றுக்கும் மேற்பட்ட நகரங்களில் அலைந்தார். பார்வையை மங்கவைக்கும் கண்ணாடி, காதில் அடைப்பு, மூட்டுகளை மடக்க முடியாத கட்டு. அவருடைய வேஷமும் பாவனைதான், மாலையில் கழற்றிவிடலாம். ஆனால் அவர் அதை அறைக்குள் வைத்துக்கொள்ளவில்லை, மற்றவர்கள் முன்னால் கொண்டுபோனார். கடைக்காரன் பார்வை எப்படி மாறுகிறது, வரிசையில் யார் முந்துகிறார்கள் என்று பார்த்தார். ஒரு முறை இளைஞர் கும்பல் ஒன்று அவரை அடித்துக் காயப்படுத்தியது. மங்கிய கண்ணாடி கற்பித்தது கொஞ்சம். மற்றவர்கள் கற்பித்தது அதிகம்.

எழுதுகிறவர்களுக்கும் இதில் சம்பந்தம் உண்டு. பிறர் துன்பத்தை எழுதப் போகிறவன் அதைத் தன்மேல் கொஞ்சம் ஊற்றிப் பார்த்துக்கொள்கிறான். ஒரு வேளை பட்டினி, ஒரு ராத்திரி பிளாட்பாரம். பிறகு 'அனுபவம்' என்ற சொல்லை முத்திரைபோல் குத்திவிடுகிறான். ஆர்வெல் 1933இல் வெளியிட்ட பாரிஸ், லண்டன் வறுமை நூலுக்கும் இந்த ஆட்சேபம் சொல்லலாம். பாரிஸில் அவர் பட்டினி கிடந்தபோது தாயின் சகோதரி அதே நகரத்தில் இருந்தாள். ஆனாலும் அந்த நூல் நிற்கிறது. பசியை அவர் வர்ணித்ததால் இல்லை. நாடோடி விடுதிகளில் மனிதர்களை மணிக்கணக்கில் பூட்டி வைத்து ஒன்றுமே செய்யவிடாமல் சும்மா உட்காரவைப்பதை, அந்தக் காத்திருப்பை, அவர் கணக்கெடுத்தார். தன் பசியிலிருந்து பார்வையை எடுத்துப் பூட்டுகிறவனின் கடிகாரத்தைப் பார்த்தார்.

பாவனை பயனற்றது என்று நான் சொல்ல வரவில்லை. டயப்பர் அணிந்து ஒரு பகல் நனைந்து கிடந்த மாணவிக்கு நோயாளியின் அகம் தெரிந்துவிடாது. அப்படித் தெரிந்துவிட்டதாக அவள் நம்பினால் அது ஆபத்தும்கூட, நோயாளியைக் கேட்பதை அவள் நிறுத்திவிடுவாள். ஆனால் ஒன்றை அவள் அளந்து தெரிந்துகொள்ளலாம்: நனைந்த பத்தாவது நிமிஷம் எப்படி, நாற்பதாவது நிமிஷம் எப்படி என்பதை. நாளைக்கு வார்டில் மணி அடிக்கும்போது, கையில் இருக்கும் பதிவேட்டை முடித்துவிட்டுப் போகலாமா, இப்போதே போவதா என்று அவள் முடிவு செய்ய வேண்டியிருக்கும். அந்த முடிவுக்கு அவளுக்கு நோயாளியின் ஆத்மா தேவையில்லை. நாற்பதாவது நிமிஷம் ஞாபகத்தில் இருந்தால் போதும்.